இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

பக்கத்துக்கு இரண்டு சூ.
மை என்னுடையது, மெழுகுவத்தி என்னுடையது,
போர் மட்டும் மிசியே லெஸ்காரேயுடையது.

திங்கள்தோறும் ருவான் மழையில்
மேலங்கிக்குள் பொத்தி அதை வீட்டுக்குக் கொண்டுவருவேன்.
அடித்தல் திருத்தல் எல்லாம் கடந்து
அச்சகத்துக்குப் புரியும்படி
எழுத்தெழுத்தாய் நிறுத்துவேன் ஒரு படையை.

மனிதருக்குத் தெரியாதது இல்லை.
அந்த ஆகஸ்டில் மழை எத்தனை மணிக்குப் பிடித்தது,
எந்த ரெஜிமெண்ட் எந்தப் பாலத்தில் தேங்கி நின்றது,
ஷாஸ்போ துப்பாக்கி எத்தனை அடிக்குச் சுடும்,
சிப்பாயின் காலணி அடியில் எத்தனை ஆணி.
ஆணிகளை எண்ணவென்றே
பழைய ஜோடி ஒன்றை ஏலத்தில் எடுத்து
மேசைமேல் வைத்திருந்தார்.
உள்ளே, தோலில்,
யாருடைய விரல்களோ அழுத்திய ஐந்து பள்ளங்கள்.
குறிப்பேட்டில் அவை இல்லை.

பிர்மின் என்றொரு கார்ப்பொரல்.
நூற்று எழுபத்தோராம் பக்கத்தில்
கடைசி ரொட்டித் துண்டை மழைநீரில் நனைத்துத் தின்றான்.
அதன்பின்
தளபதிகள் வரைபடத்தின்மேல் சண்டையிட்டார்கள்,
உணவு வண்டிகள் வடக்கே போவதற்குக் கிழக்கே போயின,
ஒவ்வொரு வண்டிக்கும் சக்கரம், அச்சு, குதிரையின் நிறம்.
நாற்பத்தோரு பக்கம். மூன்று நாள்.
பிர்மினின் கால் நடந்தது, பெயர் நடந்தது,
வயிறு மட்டும் எங்கோ பின்தங்கிவிட்டது.

எனக்கென்ன.
படை நீள நீள என் அடுப்பு எரியும்.

ஆனால் என் அண்ணன் ஓரேலியன்
அந்த வழியாகத்தான் போனான். திரும்பியும் வந்தான்.
இருபத்திரண்டு வருஷத்தில் போரைப் பற்றி
அவன் சொன்னது ஒரே ஒரு வாக்கியம்,
அதுவும் சூப்புக் கிண்ணத்தைத் தள்ளிவைத்தபடி:
'மண்ணோடு தின்றால் இனிப்பு தெரியாது.'

மெழுகுவத்தி கடைசி விரற்கடைக்கு வந்த இரவில்
இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தின் அடியில்,
இரண்டு வண்டிகளுக்கு நடுவே இருந்த இடத்தில்
எழுதினேன்:
'பிர்மின் குனிந்து ஒரு பீட்ரூட்டைப் பிடுங்கி
தொடையில் துடைத்துக் கடித்தான்.
இனிப்பு தெரியவில்லை.'

வியாழக்கிழமை ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்.
அந்த வரிமேல் அவர் விரல் இருந்தது.
போயிற்று, இரண்டு சூவும் போயிற்று என்று நின்றேன்.
'மதாம் வொக்லேன்,' என்றார்,
'ஆகஸ்ட் கடைசியில் ஆர்தென் பக்கம்
பீட்ரூட் எவ்வளவு பருத்திருக்கும்?'

ரெத்தெலுக்கு அருகே ஒரு விவசாயிக்குக் கடிதம் போனது.
பதினொரு நாள் நாவல் அசையவில்லை.
பிர்மின் குனிந்தபடியே இருந்தான்,
கை இலைக்கொத்தில்.

பதில் ஒரு கணக்குத்தாளின் பின்பக்கத்தில் வந்தது.
'வழக்கமாகக் கைமுட்டி அளவு, ஐயா.
அந்த வருஷம் வறட்சி. கோழிமுட்டை அளவுதான்.
எங்கள் வயலில் எதுவும் மிஞ்சவில்லை.
பிடுங்கியது நம்மவர்களா அவர்களா என்று
கதவைத் திறந்து பார்க்கவில்லை.'

அவர் நெடுநேரம் படித்தார்.
'ஒரு' என்பதை அடித்து 'முட்டை அளவு' என்று எழுதினார்.
பிறகு பேனாவை எடுத்த வேகத்தில்
வண்டிகளை அடித்தார், அச்சை, சக்கரத்தை,
செம்பழுப்புக் குதிரைகளை.
இரண்டு வண்டிகளை மட்டும் விட்டுவைத்தார்.
அவை தப்பான திசையில் போவதை
பசித்தவன் பார்க்க வேண்டுமாம்.

பதினாலு பக்கம்.
இருபத்தெட்டு சூ எனக்கு நட்டம்.

கிளம்பும்போது திரும்பிப் பார்த்தேன்.
காலணிக்குள் கைவிட்டு
எதையோ தேடுகிறவர்போல் உட்கார்ந்திருந்தார்.

அண்ணனிடம் ஒன்றும் சொல்லவில்லை.
அன்றிரவும் அவன்
கிண்ணத்தில் சிவப்பாய்க் கிடந்ததையெல்லாம்
கரண்டியால் ஓரம் ஒதுக்கினான்,
ஒவ்வொன்றாய்,
எண்ணுவதுபோல.